தேக்குத் துண்டுகளை ஒட்டிச் செய்த காய் நறுக்கும் பலகை பிளக்கிறது, வளைகிறது. என்ன செய்யலாம்?

கேட்பவர்: மிச்சமரம்
கதவு நிலை வேலையில் மிஞ்சிய தேக்கை 4 செ.மீ. அகலத்தில் அறுத்து, 8 துண்டு ஒட்டிய பலகை. அளவு 32 × 40 செ.மீ., கனம் 20 மி.மீ. சாதாரண வெள்ளைப் பசை. வளையாமலிருக்க அடியில் குறுக்காக 24 செ.மீ. ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) இரண்டு, ஒவ்வொன்றிலும் 3 ஸ்க்ரூ. மேல்பக்கம் மட்டும் தேங்காய் எண்ணெய். இப்போது நடு ஒட்டில் பிளவு. ரீப்பருக்கு வெளியே ஓரங்கள் மேலே தூக்கி நிற்கின்றன. பிளவில் பசை விட்டு இறுக்கினால் போதுமா?

பதில்: இழைப்புளி
போதாது. பிளவுக்குக் காரணம் ரீப்பர். மரம் நீளவாக்கில் அசையாது என்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். 32 செ.மீ. அகலத் தேக்கு பருவத்துக்குப் பருவம் ஒன்றிரண்டு மி.மீ. அசையும். அதை ஸ்க்ரூ பிடித்து வைத்தால், இருப்பதிலேயே நோஞ்சான் ஒட்டு விட்டுக்கொடுக்கும். இந்தக் கனத்துக்கு ரீப்பரே வேண்டாம், கழற்றிவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் நடு ஸ்க்ரூவுக்கு மட்டும் சரியான துளை. மற்ற இரண்டுக்கும் ரீப்பரின் நீளவாக்கில் 8 மி.மீ. நீண்ட துளை போட்டு, வாஷர் வைத்து, லேசாக முடுக்குங்கள்.

ஓரம் எழுவது வேறு கதை. எண்ணெய் காணாத அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது. இரு முகத்துக்கும், வெட்டுமுனைக்கும் ஒரே அளவு எண்ணெய் போக வேண்டும். கழுவியதும் படுக்கப் போடாமல் நிறுத்தி வையுங்கள்.

பதில்: பட்டறைத்தூள்
ஒட்டைப் பற்றி: பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பிளந்த ஒட்டோடு ரம்பத்தால் அறுத்து, இரு விளிம்பையும் இழையுங்கள். சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக் கூடாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்ததும் தாமதிக்காமல் ஒட்டுங்கள். டப்பாவில் டி3 (D3) என்று போட்ட, நீர் தாங்கும் பசைதான் சரி. 15 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப், மேலொன்று கீழொன்றாக. ஒட்டு நெடுகப் பசை பொட்டுப் பொட்டாகப் பிதுங்கினால் அளவு சரி. முரட்டுத்தனமாக முடுக்கினால் பசை முழுக்க வெளியேறி ஒட்டு வறண்டுவிடும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

மிச்சமரம்
தேங்காய் எண்ணெயே தொடரலாமா? பிளைவுட் துண்டுகளும், பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகைகளும் இருக்கின்றன. அதில் இன்னொரு பலகை செய்யலாமா?

பதில்: இழைப்புளி
தேங்காய் எண்ணெய் ஓரளவு தாங்கும், நாள்பட்டால் சிக்கு வாடை வரும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் சீக்கிரமே பிசுபிசுக்கும். மருந்துக்கடையில் வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் வாங்கி, 4 பங்குக்கு 1 பங்கு தேன்மெழுகு உருக்கிச் சேர்த்துத் தேயுங்கள். அதற்கு முன் 120, 180 உப்புத்தாள். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் மரத்தில் சிலிர்ப்பு எழும், அதை 220 போட்டு எடுத்துவிடுங்கள்.

பிளைவுட் வேண்டாம். கத்தி பட்டால் மேல்தாள் பெயரும், உள்ளே பிசின். கரண்டி மாட்டும் பலகை, டப்பா அடுக்கும் தட்டு என்று முடியுங்கள். பேலட்டில் முத்திரை பாருங்கள்: எச்டி (HT) என்றால் சூடேற்றியது, எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எம்பி வீட்டுக்குள்ளேயே வேண்டாம். எச்டி என்றாலும் அதன்மேல் என்ன கொட்டியதோ, சோறு காய்கறி படாத பொருளுக்கு மட்டும். தேக்கில் இன்னும் துண்டு மிஞ்சினால், 2 செ.மீ. பட்டைகளை நடுவில் பாதிக்குப் பாதி வெட்டிக் கோத்து, சூடான பாத்திரம் வைக்க எக்ஸ் வடிவப் பிரிமனை செய்யலாம், பசையே தேவையில்லை.