சென்னை – லண்டன்: டிக்கெட்டில் ஐந்தரை மணி, வானத்தில் பதினொன்று

பல்லாவரத்திலிருந்து:
தங்கையின் பிரசவத்துக்காக ஜனவரியில் அம்மாவை லண்டனுக்கு அனுப்பினோம். டிக்கெட்டில் புறப்பாடு காலை 5.30, போய்ச் சேர்வது 11.00 என்றிருந்தது. மதுரைக்கு ரயிலில் போகும் நேரம்கூட இல்லையே என்றார் அம்மா. அந்தக் கணக்கில் சர்க்கரை மாத்திரை ஒன்றை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டார். மீனம்பாக்கத்தில் வாசலில் நின்று விசாரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இரவு இரண்டு மணிக்கு நடைபாதையில் பெட்டியைத் திறந்து, லேகிய டப்பாவுக்கும் பருப்புப் பொடிக்கும் அடியில் கைவிட்டு மாத்திரை அட்டைகளை எடுத்தேன். நெஞ்சு படபடத்துவிட்டது.

டிக்கெட்டில் அச்சிடுவது அந்தந்த ஊர் நேரம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, கோடையில் நாலரை. ஆக, அம்மா உட்கார்ந்திருந்தது 11 மணி நேரம். மார்ச் தொடக்கத்தில் திரும்பும்போது மதியம் 1.00 மணிக்குக் கிளம்பி மறுநாள் அதிகாலை 4.30க்கு இறங்கினார். தாளில் பதினைந்தரை மணி, உண்மையில் பத்துதான். பெரியவர்களைத் தனியே அனுப்புகிறவர்கள், எத்தனை மணி நேரம் விமானத்துக்குள் இருப்பார்கள் என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வேளச்சேரியிலிருந்து:
எனக்குச் சிங்கப்பூரில் நேர்மாறாக நடந்தது. இரவு 11.30க்குப் புறப்பாடு, காலை 6.15க்கு வருகை. நன்றாகத் தூங்கி எழலாம் என்று நம்பி அன்று காலையே நேர்முகத் தேர்வுக்கு ஒப்புக்கொண்டேன். அந்த ஊர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. சுமார் 2,900 கிலோமீட்டரை நாலே கால் மணி நேரத்தில் கடந்துவிட்டார்கள். சாப்பாடு கொடுத்து விளக்கை அணைத்து, மறுபடி விளக்கைப் போடுவதற்குள் இரண்டு மணி நேரம்கூடக் கண் மூடவில்லை.

மயிலாப்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்:
பல்லாவரம் தம்பி, போக 11, வர 10 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு மணி நேரம் காற்றின் வேலை. சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் அதன் வேகம் அதிகம். போகும்போது எதிர்த்து நிற்கும், வரும்போது முதுகில் தள்ளும்.

தூரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். சுவர் வரைபடத்தில் சென்னையையும் லண்டனையும் அடிக்கோலால் இணைத்தால் கோடு பாரசீக வளைகுடாப் பக்கம் போகும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால் நூல் வடக்கே ஏறி, பாதி வழியில் காஸ்பியன் கடலைத் தொடும். அதுதான் குறுகிய வழி, சுமார் 8,200 கிலோமீட்டர். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது கடைசி வரிசைப் பிள்ளைகளும் எழுந்து மேசைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் 2022 முதல் உக்ரைன் வான்வெளி மூடிக் கிடக்கிறது. பிரிட்டிஷ் விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் இல்லை. அதனால் நூல் காட்டும் வழியில் இன்று முழுதாகப் பறக்க முடியாது. சுற்றித்தான் போகிறார்கள், உங்கள் அம்மா போனதும் அப்படித்தான்.

பல்லாவரத்திலிருந்து:
நன்றி ஐயா. அக்டோபரில் அம்மா மறுபடி கிளம்புகிறார். அதற்குள் ஓர் உருண்டை வாங்கிவிடுகிறேன்.