பாடக் காணொளியில் கர்சர் நடுக்கம்: ஒரு துண்டில் மட்டும் கர்சர் விளைவுகள் ஏற்கவில்லை

பாடப்பதிவர்:
வணக்கம். கணக்குப் பதிவு மென்பொருள் ஒன்றைக் கற்பிக்கும் திரைப்பதிவைக் காம்டேசியாவில் தொகுத்து வருகிறேன். முதல் துண்டில் கர்சரைப் பெரிதாக்கவும், அதைச் சுற்றி மஞ்சள் வட்டம் இடவும், கிளிக் செய்யும் இடத்தில் வளையம் தோன்றச் செய்யவும் முடிகிறது. இரண்டாம் துண்டில் இவற்றில் எதுவுமே ஏற்கவில்லை. தவிர, முதல் துண்டில் என் கை நடுக்கம் தெரியாமலிருக்கக் கர்சர் நகர்வைச் சீராக்கும் விளைவைச் சேர்த்தேன். அதன்பின், ஒரு வரிசையை இழுத்து வேறிடத்தில் வைக்கும் காட்சியில் வரிசை ஒரு பக்கமும் கர்சர் வேறொரு பக்கமும் போகின்றன. இவ்விரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

வெட்டியொட்டி:
இரண்டாம் துண்டை எதில் பதிவு செய்தீர்கள்? கோப்பின் பின்னொட்டு என்ன?

பாடப்பதிவர்:
அது ஓபிஎஸ் என்ற வேறொரு திரைப்பதிவு மென்பொருள் மூலம் பதிவு செய்தது, எம்பி4 கோப்பு. முதலாவது காம்டேசியாவின் சொந்தப் பதிவு.

வெட்டியொட்டி:
காரணம் அதுதான். காம்டேசியா தன் சொந்தப் பதிவு வடிவமான டிரெக் கோப்பில் திரையின் படத்தை ஒரு தடமாகவும், கர்சர் எங்கே இருந்தது, எப்போது கிளிக் செய்தது என்ற விவரங்களைத் தனியாகவும் சேமிக்கிறது. ஆகவே கர்சரைப் பிறகு பெரிதாக்கலாம், மறைக்கலாம், வேறு பாதையில் நகர்த்தலாம். எம்பி4 கோப்பில் கர்சரும் படத்தின் புள்ளிகளோடு புள்ளியாகக் கலந்துவிடுவதால், அதை இனம்கண்டு பிரித்தெடுக்க மென்பொருளுக்கு வழியில்லை.

காம்டேசியாவின் புதிய பதிப்புகளில் கர்சர் பாதையைக் கையால் வரையும் வசதி இருக்கிறது; அதை எம்பி4 துண்டின் மீதும் இடலாம். ஆனால் பழைய கர்சர் படத்திலேயே இருப்பதால் திரையில் இரண்டு கர்சர்கள் தெரியும். திரை மாறாமல் நிற்கும் இடமாக இருந்தால், கர்சர் ஓரமாக ஒதுங்கியிருக்கும் ஒரு சட்டகத்தை (ஃபிரேம்) தேர்ந்து, ஷிப்ட் விசையுடன் ஈ விசையை அழுத்தி அதை நீட்டித்து, அதன்மேல் புதிய பாதையை வரையுங்கள். திரை தொடர்ந்து மாறும் பகுதிகளுக்கு மறுபதிவே நல்லது. மீண்டும் ஓபிஎஸ் தான் என்றால், திரைப்பிடிப்பு அமைப்பில் கர்சரைப் பதிவு செய்யும் பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள்.

நிதானி:
இழுக்கும் காட்சியைப் பற்றி நான் சொல்கிறேன். சீராக்கும் விளைவு, கர்சர் நின்ற இடங்களையும் கிளிக் செய்த இடங்களையும் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள வளைவு நெளிவுகளை நேர்ப்படுத்திவிடும். கர்சர் வெறுமனே பயணிக்கும்போது அது அழகாகத்தான் இருக்கும். இழுத்து வைத்தல், கோடு வரைதல், கர்சர் மேலே சென்றாலே விரியும் மெனு ஆகியவற்றில் படம் பழைய பாதையிலும் கர்சர் புதிய பாதையிலும் செல்வதால் பொருத்தம் கெடும். இழுக்கும் பகுதியின் இரு முனைகளிலும் எஸ் விசையால் துண்டை வெட்டி, நடுத்துண்டிலிருந்து மட்டும் அந்த விளைவை நீக்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் வட்டத்தைக் காணொளி முழுக்க ஓடவிட்டால், அதற்கடியில் இருக்கும் எழுத்துதான் படிக்கக் கடினமாகிறது. கண்ணை இழுக்க வேண்டிய இடங்களில் மட்டும் அது தோன்றினால் போதும்; துண்டின் கீழே தெரியும் விளைவுப் பட்டையின் முனையை இழுத்து நேரத்தைக் குறைக்கலாம்.

பாடப்பதிவர்:
நன்றி. நடுத்துண்டில் விளைவை நீக்கியதும் வரிசையும் கர்சரும் ஒன்றாகவே நகர்கின்றன. இரண்டாம் துண்டில் நிலையான திரைகளுக்குச் சட்டகத்தை நீட்டித்துப் பாதை வரைந்துவிட்டேன்; எஞ்சியதைக் காம்டேசியாவிலேயே மறுபதிவு செய்யப் போகிறேன். பழைய பகுதியோடு ஒட்டும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

வெட்டியொட்டி:
திரையின் தெளிவுத்திறனும் விண்டோஸின் அளவுப்பெருக்க (ஸ்கேலிங்) விகிதமும் முன்பு இருந்தபடியே இருக்கட்டும். மாறினால் ஒட்டுமிடத்தில் சாளரம் துள்ளும். பழைய பகுதி முடியும்போது கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே புதிய பதிவைத் தொடங்குங்கள். சற்றுத் தள்ளி நின்றாலும் டிரெக் பதிவு என்பதால் பாதையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.