மறு: ‘கிரேட் ரிவர்சல்’ – தமிழ்ச்சொல் என்ன? மடைமேடு சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் நேற்றிரவு உட்கார்ந்து மறுபடி வரிசையாகப் படித்தேன். மலை மிதிவண்டித் தடத்தில் மழைநீரைத் திருப்பிவிட அமைக்கிற ‘கிரேட் ரிவர்சல்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டவள் நான் என்பதால் நானே கொஞ்சம் விரிவாக எழுதிவிடுகிறேன்.

சாலையில் போடும் வேகத்தடை போன்ற ஒன்றுக்குச் சொல் தேடுகிறோம் என்று சிலர் எண்ணியிருப்பது தெரிகிறது. முதல் மடலில் பொருளை ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் நகர்ந்துவிட்டதால் வந்த குழப்பம் அது. பொருள் கண்ணில் தெரியாமல் சொல் வராது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான் என்றாலும் இந்த ஊரிலேயே உயரமான இடம் அதுதான். அடியில் கருங்கல், மேலே அது நாள்பட உதிர்ந்து உண்டான சிவந்த களிமண். மலை மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கென்று அந்தக் காட்டின் ஓரமாக ஒரு மண்தடம் சுற்றிப் போகிறது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊரில் களிமண் தடத்தின் பாடு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2014 செப்டம்பரில் அந்த வனப்பகுதியைப் பழுதுபார்ப்பதற்காக மூடினார்கள். முழுதாகத் திறக்க 2016 அக்டோபர் ஆனது. அதன் பிறகும் மழை அரிக்கிற இடங்களை அவ்வப்போது அடைத்துச் சீர்செய்வது உண்டு. அப்படி அடைத்திருந்த ஒரு துண்டு திறந்ததும், அடுத்த சனிக்கிழமை விடிந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அடைப்பதற்கு முன் அந்த இறக்கம் வாய்க்காலாகவே ஆகிவிட்டிருந்தது. நடுவில் முழங்கால் ஆழத்துக்கு மண் அறுந்து, வேர்கள் நரம்பு நரம்பாக வெளியே தெரிந்தன. அதில் இறங்கப் பயந்து ஆளாளுக்கு ஒதுங்கி ஓட்ட, ஒற்றையடிப் பாதையாக இருந்தது ஐந்தடி, ஆறடி என்று அகன்றுபோய், ஓரத்துச் செடிகளெல்லாம் செத்துக்கொண்டிருந்தன.

இப்போதும் அதே இறக்கம்தான், ஆனால் ஒரேயடியாக இறங்கவில்லை. பத்துப் பன்னிரண்டு மீட்டர் வந்ததும் தடம் மெல்லக் குழிந்து, இரண்டு வண்டி நீளத்துக்கு மேலே ஏறி, மறுபடி இறங்குகிறது. குழிந்த இடத்தில் பள்ளத்துப் பக்கத்துக் கரை திறந்திருக்கிறது. முந்தின இரவு நல்ல மழை. வண்டியை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு முதல் குழிவில் குந்திப் பார்த்தேன். மேலிருந்து வந்த சருகெல்லாம் வெளிக்கரையில் ஒரு வரிசையாக ஒதுங்கிக் கிடந்தது. அதைத் தாண்டிக் காட்டுப் பக்கம் பொடிமணல் விசிறி போல விரிந்து பரவியிருந்தது. அடுத்த ஏற்றத்திலோ நீர் ஓடிய கோடே இல்லை, மண் இறுகிக் கிடந்தது. மேலே ஏற முடியாமல் நீர் அந்த இடத்திலேயே திரும்பி வெளியே போயிருக்கிறது.

இதைத்தான் ஆங்கிலத்தில் கிரேட் ரிவர்சல் என்கிறார்கள். இறங்குகிற தடத்தைச் சற்றே ஏற்றிவிட்டு மறுபடி இறக்குவது. நீருக்கு நீளம் கிடைத்தால் வேகம் வரும், வேகம் வந்தால் மண்ணை அறுக்கும். அந்த நீளத்தைக் கொடுக்காமல், சேரும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிவிட வேண்டும். 1988இல் தொடங்கிய அனைத்துலக மலை மிதிவண்டிச் சங்கம் பெரும்பாலான தடங்களுக்கு 20 முதல் 50 அடிக்கு ஒன்று இருப்பது நல்லது என்கிறது. முன்பெல்லாம் தடத்தின் குறுக்கே ஒரு கட்டையையோ கல்லையோ பதித்து நீரைத் திருப்பப் பார்ப்பார்கள். சில மழையிலேயே அதன் பின்னால் வண்டல் நிரம்பிவிடும், நீர் தலைக்கு மேலே ஏறிப் போய்விடும். வருகிற சக்கரமும் அதில் மோதும். இங்கே எதையும் குறுக்கே வைப்பதில்லை. தடத்தின் உருவமே நீரைத் திருப்புகிறது. ஓட்டுகிறவருக்கும் பிரேக்கைத் தொடாமலே ஏற்றத்தில் வேகம் தணிந்துவிடும்.

இதற்குப் போய் இவ்வளவு மெனக்கெடுவானேன் என்று ஒரு மடல் கேட்டிருந்தது. இந்தக் குன்றின் ஓடைகளில்தான் சிங்கப்பூரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு நன்னீர் நண்டு முதலில் கண்டெடுக்கப்பட்டது. 1986இல்தான் அதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிற உயிர். தடத்திலிருந்து அறுந்த களிமண் கலங்கலாக ஓடைக்குள் இறங்குவதும், சருகுக்கு நடுவே பரவி வடிகட்டிப் போவதும் அதற்கு ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை உண்டாக்குவது இரண்டு வண்டி நீளத்துக்கு ஏற்றிவிட்ட மண்தான். அதற்கு நம் மொழியில் ஒரு பெயர் வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

இனி, வந்த சொற்கள்.

‘கிரேட் ரிவர்சல்’ என்றே எழுதிவிடலாம் என்ற அண்ணனுக்கு: எனக்கு ஒலிபெயர்ப்பின் மேல் பகை எதுவும் கிடையாது. பெடல், பிரேக், டயர் எல்லாம் நம் சொற்களாகிவிட்டன. ஆனால் இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதற்சொல் சரிவைச் சொல்கிறதா, தரவரிசையைச் சொல்கிறதா, ‘பெரிய’ என்று சொல்கிறதா, மூன்றுக்கும் ஒரே எழுத்துதான். ஆங்கிலம் தெரிந்தவருக்கே குழப்பம், தெரியாதவருக்கு வெறும் ஓசை.

‘சாய்வு நேர்மாற்றம்’ இலக்கணமாக இருக்கிறது, தவறு சொல்ல முடியாது. ஆனால் அதில் நீரே இல்லை. தடம் கட்டுகிறவர் சாய்வை மாற்றுவது நீருக்காக. பாடநூலில் படிக்கிறவர் ஒரு வரைபடத்தைக் கற்பனை செய்வாரே தவிர மண்வெட்டியைக் கையில் எடுக்க மாட்டார்.

‘எதிர்வாட்டம்’ நான் முன்வைத்தது. கொத்தனார்கள் சொல்லும் வாட்டம் என்ற சொல் எனக்கு எப்போதும் பிடிக்கும். மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினால் “வாட்டம் சரியில்லை” என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் சாய்வும் இருக்கிறது, அந்தச் சாய்வு எதற்காக என்பதும் இருக்கிறது. அதனால் எதிர்வாட்டம் பொருந்தும் என்று நினைத்தேன். மதுரை ஐயா எழுதியதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன். நாற்பது ஆண்டு கட்டட வேலை பார்த்த அவர், “குளியலறையில் போட்ட தளம் எதிர்வாட்டமாகப் போய்விட்டால் உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், அது எங்களுக்கு வசவுச்சொல்” என்கிறார். ஒரு தொழிலில் பிழையைக் குறிக்கிற சொல்லை எடுத்து இன்னொரு தொழிலில் நல்ல வேலைக்குப் பெயராக வைக்கக்கூடாது. இரண்டு தொழிலுக்கும் வருகிற ஆள் ஒருவராகவே இருக்கிற ஊரில் அது நடைமுறைச் சிக்கலும் கூட.

ஆனால் வாட்டத்தை நான் முழுதாக விடவில்லை. தடத்தின் பரப்பையே பள்ளத்துப் பக்கம் இலேசாகச் சாய்த்து வைப்பது இருக்கிறதே, 20 அடிக்கு ஓரடி என்ற கணக்கில், அதற்கு ‘வெளிவாட்டம்’ என்று இருக்கட்டும். அங்கே கொத்தனார் சொல்லும் பொருளிலேயே அது நிற்கிறது. இதை யாரும் மறுக்கவில்லை, முடிந்ததாக எடுத்துக்கொள்கிறேன். ‘பாதிச் சாய்வு விதி’யும் அப்படியே: குன்றுச்சரிவு நூறடிக்கு இருபதடி இறங்கினால் அதன்மேல் போகும் தடம் நூறடிக்குப் பத்தடிக்கு மேல் இறங்கக்கூடாது. மீறினால் நீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாது, தடத்தோடு ஓடத் தொடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்து அக்கா ‘மதகு’ என்ற சொல்லைப் பற்றி எச்சரித்தது சரியானது. தமிழ்நாட்டில் மதகு என்றால் ஏரியிலிருந்து நீர் விடும் வாய். யாழ்ப்பாணத்தில் மதகு என்றால் தெருவின் கீழே நீர் போகக் கட்டுவது, மாலையில் ஆட்கள் அதன்மேல் இருந்து கதைக்கிற இடம். ஒரு சொல் இரண்டு கரையிலும் இரண்டு பொருளில் உயிரோடு இருக்கும்போது மூன்றாவது பொருளை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

இனி நான் சொல்ல வந்த சொல். இது நான் உண்டாக்கியது இல்லை. வேலி போட்டு வேலை நடந்த நாள்களில் ஒருநாள் மாலை அந்தப் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேலை முடித்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் தமிழ்ப் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். அறந்தாங்கிப் பக்கம். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டேன். “தண்ணி அது பாட்டுக்கு நேரா ஓடுனா மண்ண அறுத்துரும்க்கா. அங்கங்க மேடு கட்டி மடை திருப்பி விட்டா வெளிய போயிரும்” என்றார். கையால் காற்றில் அந்த உருவத்தையும் போட்டுக் காட்டினார், இறக்கம், குழிவு, சின்ன ஏற்றம். ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக நான் படித்தது அவர் வாயில் இரண்டு வரியில் வந்துவிட்டது. வயலில் மடை திருப்பி வளர்ந்த கைக்கு அது புதிய வேலையே இல்லை.

மேடும் மடையும் அவர் பேச்சிலேயே அடுத்தடுத்து வந்தவை. சேர்த்தால் ‘மடைமேடு’.

ஒரு மடல் ‘மடைக்குழி’ என்றது. நீர் வெளியேறுவது குழிந்த இடத்தில்தானே என்பது அதன் வாதம். உண்மைதான், ஆனால் நீரைத் திருப்புவது அடுத்து வருகிற மேடு. மேடு கரைந்தால் வேலை கெட்டது. பராமரிப்பவரின் கண் போக வேண்டிய இடமும் அதுதான். தவிர, குழி என்றாலே நமக்கு மூட வேண்டிய ஒன்று. “தடத்தில் பன்னிரண்டு குழிகள் வெட்டியிருக்கிறோம்” என்று அறிவித்தால் யாரும் மகிழ மாட்டார்கள்.

‘மடை திறந்த வெள்ளம்’ என்கிறோமே, மெல்ல நீர் விடுகிற அமைப்புக்கு அந்தச் சொல் பொருந்துமா என்றும் ஒரு கேள்வி வந்தது. அது நல்ல கேள்வி. சில நாள் யோசித்தேன். அந்த வழக்கு பெருமடையை வைத்து வந்தது. வயலில் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நீர் விட வரப்பில் ஒரு வெட்டு வெட்டுகிறார்களே, அதுவும் மடைதான். பாய்ச்சலை ஒரு பிடி மண்ணால் திருப்புவது. நமக்கு வேண்டிய அளவு அதுதான்.

பெயர்கள் வேலையிலிருந்து வந்தால் நிலைக்கும் என்பதற்கு இந்த விளையாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976இல் சில இளைஞர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளில் ஒரு மலைச்சாலையில் போட்டி வைத்து இறங்கினார்கள். ஏறக்குறைய 1,300 அடி இறக்கம். பின்னோக்கி மிதித்துப் பிடிக்கிற பிரேக் அது. கீழே வந்து சேர்வதற்குள் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு முறையும் பிரித்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த மறு அடைப்பைச் சொல்லும் ‘ரீபேக்’ என்ற சொல்லே போட்டிக்கும் பாதைக்கும் பெயராகிவிட்டது. மலை மிதிவண்டியின் வரலாறு எழுதுகிற எவரும் அந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. கையில் கிரீஸ் பட்டவர்கள் வைத்த பெயர்.

வாயில் எப்படி வருகிறது என்று நாலைந்து நாளாகப் பழகிப் பார்த்தேன். “மூணாவது மடைமேட்டுல வண்டல் சேந்திருக்கு, அள்ளணும்.” “மடைமேடு வருது, பெடலை மட்டமா வச்சுக்கோ.” “இந்த இறக்கத்துக்கு இன்னும் இரண்டு மடைமேடு கட்ட வேண்டும்.” உருபு ஏற்கிறது, பன்மை ஏற்கிறது, கூப்பிட்டுச் சொல்லவும் நீளமில்லை. வரப்புக் கட்டுவது போல மடைமேடு ‘கட்டுவது’ என்று வினையும் தானாக வந்து சேர்கிறது.

‘சிங்கிள்டிராக்’ என்பதற்கு ‘தனித்தடம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. ஒற்றையடிப் பாதை என்று நம்மிடம் காலங்காலமாக இருக்கிறது. ஓர் அடி வைத்தால் இன்னோர் அடிக்குப் பக்கத்தில் இடமில்லாத பாதை என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அதைக் கலைச்சொல் பட்டியலில் அப்படியே ஏற்றிவிடலாம். வளைவுகளில் எழுப்புகிற மண்ணணைப்புக்கு வந்த சொற்கள் எதுவும் எனக்கு மனம் நிறையவில்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குவோம்.

மதுரை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டட வேலையில் மடைமேடு என்று வேறு எதையாவது சொல்வதுண்டா? அப்படி இருந்தால் எதிர்வாட்டத்துக்கு நேர்ந்தது இதற்கும் நேரும். டெல்டாப் பக்கத்து நண்பர்களும் வயல் வழக்கில் இந்தச் சொல் வேறு பொருளில் இருந்தால் சொல்லுங்கள்.

வரும் ஞாயிறு தடத்தில் வண்டல் அள்ளப் போகிறேன். அறந்தாங்கித் தம்பி இப்போது செஸ்ட்நட் இயற்கைப் பூங்காப் பக்கம் வேலையில் இருப்பதாகக் கேள்வி. பார்க்க முடிந்தால் சொல்லைச் சொல்லி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
புக்கிட் தீமாவிலிருந்து