சிவப்புப் பட்டில் மடிப்பைக் காணவில்லை: ஹிஸ்டோகிராம் பற்றி ஒரு சந்தேகம்

நண்பர்களுக்கு வணக்கம். அக்கா மகளின் நிச்சயதார்த்தப் படங்களைத் திருத்த உட்கார்ந்து, முதல் படத்திலேயே மாட்டிக்கொண்டேன். பெண் உடுத்தியிருந்தது அடர் சிவப்புப் பட்டு. கேமரா திரையில் வெள்ளை ஹிஸ்டோகிராம் (படத்தின் மொத்த வெளிச்சம் இருட்டிலிருந்து வெளிச்சம்வரை எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) மிக வெளிச்சமான வலது ஓரத்தைத் தொடவே இல்லை. அதை நம்பித்தான் எடுத்தேன். கணினியில் திறந்து மூன்று நிறங்களையும் தனித்தனியாகப் பார்த்தால், பச்சையும் நீலமும் நடுவிலேயே நிற்க, சிவப்பு மட்டும் உச்ச அளவான 255இல் போய் முட்டி நிற்கிறது. முந்தானையில் மடிப்பே தெரியவில்லை, சிவப்புச் சாயத்தைக் கொட்டியதுபோல் இருக்கிறது.

எக்ஸ்போஷரை (படத்தின் ஒளி அளவை) முக்கால் ஸ்டாப் குறைத்தால் மடிப்பு திரும்புகிறது, ஆனால் பெண்ணின் முகம் இருண்டுவிடுகிறது. (அக்காவுக்கு முகம்தான் முக்கியம், புடவைக்குப் பணம் கொடுத்த அத்தானுக்குப் புடவை!)

எடுத்தது ரா கோப்புதான் (சென்சார் பதிவுசெய்ததைப் பெரும்பாலும் பதப்படுத்தாமல் வைத்திருப்பது). கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து (கேமராவே பதப்படுத்திச் சுருக்கிய படத்திலிருந்து) வருவது என்று தெரியும். அப்படியானால் ரா கோப்பில் சிவப்பு உண்மையிலேயே தொலைந்துவிட்டதா, அல்லது எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான வண்ணத் தரம்) வண்ண எல்லைக்குள் அடங்காமல்தான் முட்டுகிறதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிவப்பின் செறிவை மட்டும் குறைப்பதா, புடவைப் பகுதியை மட்டும் திருத்த அதற்குத் தனியாக மாஸ்க் போடுவதா? பட்டுப் புடவைகளோடு மல்லுக்கட்டிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆல்பம் அச்சுக்குப் போக வேண்டும்.