எலிக்குள் செலுத்திய செல்: சாயம் ஒளிர்ந்தால் செல் உயிரோடு இருக்கிறது என்று எழுதலாமா?

ஊட்டி மாணவி:
எம்.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு. மனிதத் தொப்புள்கொடி ஸ்டெம் செல்களில், செல் சவ்வில் ஒட்டி ஒளிரும் டிஐஆர் சாயம் ஏற்றி, எதிர்ப்புசக்தி இல்லாத எலிகளின் வால் சிரையில் செலுத்தினோம். முதல் நாள் நுரையீரல் பளிச். 14ஆம் நாளிலும் கல்லீரல், மண்ணீரலில் வெளிச்சம். "செல்கள் இரண்டு வாரம் பிழைத்தன" என்று எழுதச் சொல்கிறார் கைடு. பின்னால் மனித ஆய்வுக்கு அனுமதி கேட்டால் இது நிற்குமா?

கோத்தகிரி அக்கா:
எழுதாதே தங்கச்சி. எருமையைப் புலி தின்ற பிறகும் கழுத்துமணி காட்டில் கிடக்கும். மணியைப் பார்த்துவிட்டு எருமை மேய்கிறது என்பாயா? சிரையில் போன இந்த செல்கள் பெரும்பாலும் நுரையீரல் நுண்குழாய்களில் சிக்கி, சில நாளிலேயே செத்துவிடும். செத்ததை எலியின் மேக்ரோபேஜ், அதாவது குப்பை தின்னும் செல், விழுங்கும், சாயமும் அதற்குள் போய்விடும். நீ கல்லீரலில் பார்த்தது அதுவாகவே இருக்கலாம். கொன்ற செல்களைச் செலுத்திய ஒரு எலிக்கூட்டம் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நானும் ஒரு காலத்தில் வைக்காமல் மாட்டிக்கொண்டவள்தான்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் 2013 வழிகாட்டுதல் இந்த முறையைத்தான் பயன்படுத்து என்று கட்டிப்போடவில்லை. செல் எங்கே போனது, எவ்வளவு நாள் இருந்தது, வேறாக மாறியதா, கட்டி ஆனதா என்பதற்குப் பதில் கேட்கிறது. நம் ஊரிலும் 2019 புதிய மருந்து, மருத்துவ ஆய்வு விதிகளின்படி ஸ்டெம் செல் தயாரிப்பு புதிய மருந்துதான், அதனால் கேள்வி வரும். சாயத்தோடு இன்னொரு சாட்சி வேண்டும். மனித மரபணுத் தொகுதியில் பத்து லட்சம் தடவைக்கு மேல் வரும் 'அலு' என்ற டிஎன்ஏ வரிசையை, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் க்யூபிசிஆர் சோதனையில் தேடு. எலியில் அது இல்லை. முதலில் வெறும் எலித் திசுவில் 10, 100, 1000 மனித செல் கலந்து, எத்தனை வரை உன் சோதனை பிடிக்கிறது என்று பார். அது தெரியாமல் "இல்லை" என்று எழுதினால் அர்த்தமே கிடையாது.

குன்னூர் பனி:
மின்மினியை ஒளிர வைக்கும் லூசிஃபெரேஸ் நொதியின் மரபணுவைச் செல்லில் போட்டால் உயிருள்ள செல் மட்டும்தானே ஒளிரும்? இவ்வளவு சுற்று எதற்கு?

கோத்தகிரி அக்கா:
உண்மைதான் தம்பி, அதற்கு ஏடிபி என்ற செல் எரிபொருள் வேண்டும், செத்த செல்லில் ஒளி வராது. ஆனால் வைரஸ் வைத்து மரபணுவை நுழைத்துவிட்டால், நோயாளிக்குப் போகும் செல்லும் எலிக்குப் போன செல்லும் ஒன்றா? இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று தனியாகக் காட்ட வேண்டும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பாதே.

ஊட்டி மாணவி:
சரி அக்கா. ஆனால் உறைய வைத்த துண்டுகள் போன ஜூலை மழையில் போய்விட்டன. மின்கம்பியில் மரம் விழுந்தது, ஜெனரேட்டரில் டீசல் இல்லை. ஃபார்மலினில் போட்டவை மட்டும்தான் மிச்சம்.

கோத்தகிரி அக்கா:
அடப்பாவமே. இனி இரண்டு ஃப்ரீசரில் பாதிப்பாதி வை. இப்போதைக்கு அந்த ஃபார்மலின் துண்டுகளைப் பாரஃபின் மெழுகில் பதித்து வெட்டி, மனித உட்கருவை மட்டும் காட்டும் ஆன்டிபாடி போடு. எலி மேக்ரோபேஜுக்கும் ஒரு ஆன்டிபாடி சேர்த்துப் போடு. டிஐஆர் கொழுப்பில் கரைவது, பாரஃபினுக்காகப் பயன்படுத்தும் சைலீன் கரைப்பானில் கரைந்து போய்விடும். அதை அந்த ஸ்லைடில் தேடாதே.