சான்-ழெர்மேன்-ஆன்-லே அரண்மனை: மில்லெ மீட்டாரா, இடித்தாரா?

கற்றச்சன்:
பாரிஸுக்கு மேற்கே இருக்கும் இந்த அரண்மனை இன்று பிரான்சின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். 1862இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அதற்கு ஆணையிட்டதும், கட்டடக் கலைஞர் எழென் மில்லெ கையில் எடுத்தது கடப்பாரையை. 17ஆம் நூற்றாண்டில் அரசர் பதினான்காம் லூயிக்காகக் கட்டடக் கலைஞர் மன்சார் மூலைக்கு ஒன்றாகச் சேர்த்த ஐந்து கட்டடப் பகுதிகளும் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. 16ஆம் நூற்றாண்டு அரசர் முதலாம் பிரான்சுவா காலத்துத் தோற்றம்தான் அசல் என்று தீர்ப்பளிக்க இவர் யார்? லூயி பிறந்த ஊரே இது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அவர் இங்கே வாழ்ந்த சுவடு தெரிவதில்லை.

நிலாமுற்றம்:
அந்த மூலைகளுக்கா இவ்வளவு அங்கலாய்ப்பு? 1682இல் லூயி அரசவையோடு வெர்சாய்க்குப் போய்விட்டார். கட்டச் சொன்னவரே நிலைத்துக் குடியிருக்கவில்லை. பிறகு குதிரைப்படைப் பள்ளி, 1836 முதல் 1855 வரை இராணுவச் சிறை. மில்லெயிடம் வந்து சேர்ந்தது சீரழிந்த கட்டடம்.

இடித்ததால் என்ன கிடைத்தது என்று உள்முற்றத்தில் நின்று நிமிர்ந்து பாருங்கள். 1539இல் பிரான்சுவா தொடங்கிய வேலை அது. ஓட்டுக்கூரை கிடையாது, கல் பாவிய மொட்டைமாடி. அந்தப் பாரம் சுவர்களை வெளியே தள்ளாமலிருக்க உந்துசுவர்கள், அவற்றை இழுத்துப் பிடிக்க இரும்புக் கம்பிகள். கல்லும் செங்கல்லும் மாறி மாறி வரும் அழகைச் சொல்லவே வேண்டாம்.

கற்றச்சன்:
லூயி போனதும் வீடு பூட்டிக் கிடக்கவில்லை, நண்பரே. இங்கிலாந்தில் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் 1689இல் இங்கே தஞ்சம் புகுந்து, 1701இல் இங்கேயே இறந்தார். அவருடைய அரசவை நடமாடிய இடங்களும் இடிபட்டவற்றோடு போயின. மில்லெ யாருடைய மாணவர்? பழைய கட்டடங்களைப் புதுப்பித்துப் பேர்பெற்ற வியொலே-லெ-டூக்கின் மாணவர். ஒரு காலத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழுக்கென்று சுரண்டும் பள்ளி அது.

நிலாமுற்றம்:
குருவைத் திட்டிச் சீடனைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? மில்லெ கற்பனையில் கட்டவில்லை. 16ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் ஆந்த்ருவே து செர்சோ இந்த அரண்மனையைச் செதுக்கோவியமாக்கி வைத்திருந்தார். அதை முன்னால் வைத்துத்தான் வேலை நடந்தது.

கற்றச்சன்:
செதுக்கோவியம் சாட்சி, சரி. நின்றுகொண்டிருந்த சுவர் அதைவிடப் பெரிய சாட்சி இல்லையா?

புல்வெளி:
இருவரும் சுவரோடு மல்லுக்கட்டுகிறீர்கள். தோட்டத்துக்காகப் பேச ஆளில்லை. லூயியின் தோட்டக் கலைஞர் லெ நோத்ர் 1669 முதல் 1674 வரை அமைத்த பெரிய உலாவு மேடை சேன் நதிக்கு மேலே இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கிறது. அது தப்பியது. அரண்மனையை ஒட்டிய பூப்பாத்திகளின் கதி வேறு. 1847இல் காற்றழுத்தத்தால் இழுக்கப்படும் ரயிலை மேடேற்றிக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் ஒரு துண்டு அதற்கு இரையானது. அந்த ரயில் தொழில்நுட்பம் 1860 வரைதான் தாக்குப்பிடித்தது. இழந்த தோட்டம் திரும்பவில்லை. மில்லெயை மட்டும் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

மணல்மேடு:
என் கேள்வி வேறு. மறுமலர்ச்சிக் கால அரண்மனையை அரும்பாடுபட்டு மீட்டுவிட்டு, உள்ளே கற்கருவிகளையும் கோல் நாட்டு (பண்டைய பிரான்சு) ஆயுதங்களையும் வைத்தது ஏன்? ஜூலியஸ் சீசர் மீது மூன்றாம் நெப்போலியனுக்கு இருந்த மோகம்தான். கோல் நாட்டாரைச் சீசர் வென்ற அலேசியாவில் தோண்டி எடுத்தவை இங்கே வந்து சேர்ந்தன. கட்டடம் ஒரு கதை சொல்ல, பெட்டிகள் இன்னொன்று சொல்கின்றன.

நிலாமுற்றம்:
சொல்லட்டுமே! பிராசெம்புயி என்ற ஊரில் கிடைத்த பழங்கற்காலச் சிற்பம் இந்த அருங்காட்சியகத்தின் உடைமை. மாமத யானைத் தந்தத்தில் செதுக்கிய முகம், உயரம் 3.65 செ.மீ. கட்டம் கட்டமாகத் தலைமுடி. நெற்றியும் மூக்கும் உண்டு, வாய் இல்லை. அதைப் பார்க்க வருகிறவர் எந்த அரசரின் கூரை என்றா கேட்கப்போகிறார்? கற்றச்சன் ஐயா, ஒன்று சொல்லுங்கள்: மன்சாரின் ஐந்து பகுதிகளையும் திரும்பக் கட்டச் சொல்கிறீர்களா?

கற்றச்சன்:
ஒருக்காலும் இல்லை. மில்லெயின் வேலைக்கும் இப்போது நூற்றைம்பது வயது. அதையும் இடித்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இடித்ததை 'மீட்பு' என்று அழைக்காதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

நிலாமுற்றம்:
நான் அப்படித்தான் அழைப்பேன்.