304 டப்பா: பிரஸ்ல நல்லா வருது, மறுநாள் விளிம்பு வெடிக்குது

சூரமங்கலம்_பட்டறை:
0.8 மி.மீ. 304 எவர்சில்வர் தகடு. 180 மி.மீ. வட்டம் வெட்டி, முதல் டிராவுல (பஞ்சால தகட்டை டை குழிக்குள்ள தள்ளி இழுக்குறது) 90 விட்டம், ரெண்டாவதுல 72. நடுவுல அனீலிங் (சூடாக்கி இளக வைக்கிறது) இல்லை. சில டப்பா பிரஸ்லயே அடி வளைவுல கிழியுது. சிலது ஒழுங்கா வந்து, ராத்திரி அடுக்கி வெச்சா காலையில விளிம்புல இருந்து நேர்கீழா வெடிச்சிருக்கு. அந்த விளிம்புல காந்தம் ஒட்டுது, வெறும் தகட்டுல ஒட்டலை. 304-ன்னு சொல்லி வேற எதையாவது தலையில கட்டிட்டாங்களா?

டை_செட்டர்:
ரெண்டும் வேற வேற நோய்ங்க. அடி வளைவுல இழுவிசை: பஞ்ச் தள்ளுற பாரம் முழுக்க அந்தச் சுவர் வழியாத்தான் போகுது. பிளாங்க் ஹோல்டர் (தகட்டு விளிம்பை அழுத்திப் பிடிக்கிற வளையம்) அழுத்தம் கூடினாலோ, பஞ்ச் முனை கூர்மையா இருந்தாலோ அங்கதான் மெலிஞ்சு கிழியும். முனை ஆரம் 5 மி.மீ.க்குக் குறையாம வைங்க, டை இடைவெளி 0.95 வரை விடுங்க. ஹோல்டரைச் சுருக்கம் விழாத அளவுக்கு மட்டும் இறுக்குங்க.

விளிம்பு கதை வேற. அது சுற்றளவுல நெருக்குண்டு உள்ள வர்ற இடம், உருமாற்றம் அங்கதான் அதிகம். 304-ஓட காந்தம் ஒட்டாத உள்ளமைப்பான ஆஸ்டெனைட், அங்க காந்தம் ஒட்டுற மார்ட்டென்சைட்டா மாறும். காந்தம் ஒட்டுறது அதனால. பாரத்தை எடுத்த பிறகும் சுவரோட வெளிப்பக்கம் இழுவிசை தங்கிடும். கடினமான மார்ட்டென்சைட், தங்கின இழுவிசை, கொஞ்சம் ஹைட்ரஜன், மூணும் சேர்ந்தா மணிக்கணக்கு கழிச்சு வெடிக்கும்.

கொண்டலாம்பட்டி_ஃபிட்டர்:
அப்போ பிரஸ்ஸை மெதுவா ஓட்டினா போதுமே?

டை_செட்டர்:
மாவு பிசைஞ்சு இழுக்குற மாதிரி மெதுவா பண்ணலாம்னு தோணும், ஆனா இங்க அது தலைகீழுங்க. வேகமா உருமாறும்போது தகடு தானே சூடாகும், சூட்டுல மார்ட்டென்சைட் குறையும். மெதுவா ஓட்டினா சூடு டைக்குள்ள போயிடும். மார்கழி காலையில வெடிப்பு கூடுதான்னு பாருங்க. டையையும் ஹோல்டரையும் 80 டிகிரிக்குச் சூடாக்கி, பஞ்சை மட்டும் குளிர்ச்சியா வெச்சா விளிம்பு இளகும், அடி வலுவா நிற்கும். வேகத்தைக் கண்டபடி ஏத்தவும் கூடாது, எண்ணெய்ப் படலம் கிழிஞ்சு தகடு டைல ஒட்டிக்கும்.

லேப்_ஆள்:
முதல் டிரா விகிதம் (வட்டத்தோட விட்டம் ÷ டப்பா விட்டம்) 2.0, மொத்தம் 2.5. அனீலிங் இல்லாம இது பேராசை. அதைவிட, 304 இவ்வளவு சுலபமா ராத்திரியில வெடிக்காது. நிக்கல் குறைச்சு மாங்கனீசு கூட்டின 201-க்குத்தான் இந்தக் குணம். காந்தம் இங்க சாட்சி சொல்லாது, 201 தகட்டுலயும் ஒட்டாது. நம்ம சேலம் உருக்காலை 430-ங்கிற வேற எவர்சில்வர் ரகத்தையும் உருட்டுது. அதுல வெறும் தகட்டுலயே ஒட்டும், அந்தச் சந்தேகம் உங்களுக்கு வேண்டாம். பேட்டரி வெச்ச மாங்கனீசு சோதனைச் சொட்டு விட்டுப் பாருங்க, சிவந்தா 201.

எதுவா இருந்தாலும் முதல் டிரா முடிஞ்ச அன்னிக்கே அனீல் பண்ணுங்க. எண்ணெயைச் சுத்தமாக் கழுவணும், இல்லைன்னா கார்பன் தகட்டுக்குள்ள ஏறும். 1050 டிகிரி ஏறினதும் ரெண்டு மூணு நிமிஷம் போதும், உடனே தண்ணில போடுங்க. மெதுவா ஆறவிட்டா 800-க்கும் 450-க்கும் நடுவுல குரோமியம் கார்பைடு பிரிஞ்சு, பின்னால துருப்பிடிக்கும். ஆறினதும் விளிம்புல காந்தம் வெச்சுப் பாருங்க: இன்னும் ஒட்டினா சூடு பத்தலை.